வளரிளம் பிள்ளைகளின் பெற்றோருக்கு வாட்ஸ்அப் வழிப் பயிற்சி: நடத்துபவருக்கான முழுமையான வழிகாட்டி

எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, நேரில் கூட்டாமல் போன் வழியாகவே பயிற்சி நடத்த நினைக்கும் ஆசிரியர், ஆலோசகர், தொண்டு நிறுவனப் பணியாளர், மகளிர் குழுப் பொறுப்பாளர் ஆகியோருக்கானது இது. தமிழ்நாட்டுச் சூழலை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

புதிதாக இறங்குகிறவர்கள் தொழில்நுட்பத்தில் தடுமாறுவதைவிட வரிசையில் தடுமாறுவதுதான் அதிகம். பெற்றோர் கேட்கிறார்களே என்று முதல் வாரமே செல்போன் கட்டுப்பாட்டைப் பேசுவார்கள். மூன்றாம் வாரம் அழைப்பில் நடத்துபவரும் அவருடைய துணையாளரும்தான் இருப்பார்கள்.

## 1. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

இரண்டு பேர். ஒருவர் பேசும்போது இன்னொருவர் யார் துண்டிக்கப்பட்டார், யார் அழுகிறார், யார் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று பார்க்க வேண்டும். ஒற்றை ஆளாக நடத்தினால் சத்தமாகப் பேசுகிற நான்கு பேருக்கான பயிற்சியாக அது மாறிவிடும். இருவரில் ஒருவர் ஆணாக இருந்தால் அப்பாக்களைப் போனில் பிடிப்பது சுலபம்.

சோதித்துப் பார்த்த பாடத்திட்டம். யூடியூபில் கிடைத்த பேச்சுகளைத் தொகுத்துப் பாடமாக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெஃப், ஆக்ஸ்போர்டு மற்றும் கேப் டவுன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய ‘பேரன்டிங் ஃபார் லைஃப்லாங் ஹெல்த்’ திட்டத்தில் வளரிளம் பிள்ளைகளுக்கென்றே 14 அமர்வுகள் கொண்ட கையேடு இருக்கிறது. லாப நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு அது இலவசம். கொரோனா காலத்தில் அதை அரட்டைக் குழு வழியே நடத்தும் வடிவமும் வந்தது. அதன் எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் குடும்பக் கதைகளை மட்டும் உங்கள் ஊருக்கு ஏற்றபடி புதிதாக எழுதுங்கள்.

உதவி எண்கள், கூடவே ஒரு மனிதர். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, பெண்கள் உதவி எண் 181, இணையப் பண மோசடிக்கு 1930. இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். இவற்றோடு உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நேரில் போய் ஒருவரை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு தாய் போன் செய்யும்போது பட்டியலைவிடப் பழகிய மனிதர்தான் உதவுவார்.

காலண்டர். பத்து வாரம் தேவை. பள்ளி திறந்து, நோட்டு, சீருடை, கட்டணம் என்ற அலைச்சல் அடங்கிய ஜூன் கடைசியில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிந்துவிடும். அக்டோபரில் தொடங்கினால் தீபாவளி ஒரு வாரத்தைத் தின்னும், கடைசி வாரங்கள் அரையாண்டுத் தேர்வில் மோதும். பொங்கலுக்குப் பிறகு பத்தாவது, பிளஸ் டூ பெற்றோரைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். அப்போது அவர்கள் காதில் மதிப்பெண் தவிர எதுவும் ஏறாது.

## 2. பாடங்களின் வரிசை: முதலில் உறவு, பிறகுதான் விதி

இந்தப் பயிற்சியில் வேறு எதை மாற்றினாலும் இதை மாற்றாதீர்கள்.

நான் பரிந்துரைக்கும் பத்து வாரம் இப்படிப் போகும். முதல் வாரம் அறிமுகம், ஒவ்வொரு குடும்பமும் தனக்கு ஒரு இலக்கு வைப்பது. இரண்டாவது, பிள்ளையோடு தனி நேரம். மூன்றாவது பாராட்டு. நான்காவது, உணர்ச்சிகளைப் பெயர் சொல்லிப் பேசுவது. ஐந்தாவது, கோபம் வரும்போது என்ன செய்வது. ஆறாவது, தகராறைத் தணித்துச் சேர்ந்து தீர்வு காண்பது. ஏழாவது, வீட்டு வரவு செலவு. எட்டாவது, விதிகளும் பொறுப்புகளும். ஒன்பதாவது, வெளியிலும் இணையத்திலும் பாதுகாப்பு, நெருக்கடி வந்தால் என்ன செய்வது. பத்தாவது, நமக்குத் துணை யார் யார் என்று பார்ப்பது.

விதிகள் எட்டாவது வாரத்தில் வருவதைப் பார்த்ததும் பெற்றோருக்குக் கோபம் வரும். “சார், பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃப்ரீ ஃபயர் ஆடுறான், நீங்க பாராட்டு பத்திப் பேசுறீங்களே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

பதினான்கு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து உட்கார வைக்க முடியாது. பெற்றோர் பேச்சை அவன் கேட்பது அவர்கள் முகம் வாடுவதைப் பொறுக்க முடியாததால்தான். அந்த ஒட்டுதல் தேய்ந்துபோன வீட்டில் விதி போட்டால், அதை ஏமாற்றும் வழியைத்தான் அவன் முதலில் கற்றுக்கொள்வான். போனைப் பிடுங்கினால் நண்பனின் போன். வைஃபையை அணைத்தால் பக்கத்து வீட்டுப் பாஸ்வேர்டு. ஐந்தாறு வாரம் உறவைச் சரிசெய்துவிட்டு அதே விதியைக் கொண்டுவந்தால், குறைந்தது உட்கார்ந்து பேரம் பேசவாவது வருவான்.

‘பணம் எதற்கு இதில்?’ என்றும் கேட்பார்கள். புதிய நடத்துநர்கள் முதலில் வெட்டியெறிவது இந்த வாரத்தைத்தான். வெட்டாதீர்கள். பிள்ளை மீது விழும் அடி எத்தனையோ வீடுகளில் மாதக் கடைசியில் விழுகிறது, குழுக் கடன் தவணை நாளன்று விழுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் 552 குடும்பங்களோடு இந்தப் பாடத்திட்டத்தைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிள்ளைகள் மீதான வன்முறை குறைந்ததோடு, பெற்றோர், பிள்ளைகள் இருதரப்பிலும் போதைப் பழக்கம் குறைந்தது, வீட்டுப் பணநிலையும் மேம்பட்டது. பிள்ளையையும் உட்கார வைத்து மாத வரவு செலவைத் தாளில் எழுதினால் இன்னொரு பலனும் உண்டு. “எல்லாருக்கும் புது போன் இருக்கு” என்ற சண்டை தானாகப் பாதி குறையும். வீட்டு வாடகை எவ்வளவு என்றே தெரியாத பதினாறு வயதுப் பிள்ளைகள் ஏராளம்.

## 3. ஆள் சேர்ப்பது

ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து குடும்பங்கள் போதும். வாட்ஸ்அப் 1,024 பேர் வரை இடம் தருகிறதே என்று பள்ளி முழுவதையும் சேர்த்தால், அது காலை வணக்கமும் பூப்படமும் வரும் இன்னொரு குழுவாகிவிடும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அழைப்பில் ‘குழந்தை வளர்ப்பு’ என்று எழுதினால் அப்பாக்கள் “அது பொம்பளைங்க சமாச்சாரம்” என்று போனை மனைவியிடம் கொடுத்துவிடுவார்கள். ‘ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோர் சந்திப்பு, பத்து வாரம்’ என்று எழுதுங்கள். ‘பிரச்சினையுள்ள பிள்ளைகள்’ என்ற வாடையே வரக்கூடாது. அந்த முத்திரை ஒரு தடவை விழுந்தால் பிள்ளையே பெற்றோரை வரவிட மாட்டான்.

குழுவில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு குடும்பத்தோடும் பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு இணைப்பை மட்டும் அனுப்புகிறவர்களுக்குப் பாதிப் பேர் இரண்டாம் வாரமே காணாமல் போவார்கள். கேட்க வேண்டியவை இவை:

- இந்த எண் யாருடைய போன்? வேறு யார் எடுத்துப் பார்ப்பார்கள்?
- எந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்கும்?
- எழுத்தில் வரும் செய்தியைப் படிப்பீர்களா, குரலாக அனுப்பட்டுமா?
- பிள்ளையைத் தினமும் பார்த்துக்கொள்வது யார்?
- பேசும்போது வீட்டில் தனியாக உட்கார இடம் இருக்கிறதா?

முதல் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். பல வீடுகளில் அம்மாவின் போன் பகல் முழுக்க அம்மாவிடமும் மாலையிலிருந்து மகனிடமும் இருக்கும். நீங்கள் அனுப்பும் ‘மகன் எரிந்து விழுந்தால் என்ன செய்வது’ என்ற குரல் பதிவை முதலில் கேட்பவன் அந்த மகன்தான்.

நான்காவது கேள்விக்கு “ஆச்சிதான் பாத்துக்கிறாங்க” என்று பதில் வந்தால் ஆச்சியையும் சேருங்கள். பெற்றோர் வளைகுடாவில் இருந்தால் அவர்களையும் அதே குழுவில் இருக்கச் சொல்லுங்கள். இங்கே இரவு 9 மணி துபாயில் 7.30, சவுதியில் 6.30. வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார்களா என்று கேட்டு நேரம் குறியுங்கள். இல்லாவிட்டால் ஆச்சி ஒரு மாதிரியும், வீடியோ காலில் அப்பா ஒரு மாதிரியும் பேச, பிள்ளை நடுவில் தனக்குச் சாதகமான வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

## 4. குழுவை அமைப்பது

சாதாரண வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். முன்பின் அறியாத ஆண்களும் பெண்களும் இருக்கும் குழுவில் இது விளையாட்டு அல்ல. தேவையற்ற செய்தி ஒரு தாய்க்கு வந்தால் அவர் காரணம் சொல்லாமல் வெளியேறுவார். உங்களுக்குத் தெரியவே வராது.

இதற்கு இரண்டு வழிகள். அம்மாக்கள் குழு, அப்பாக்கள் குழு என்று பிரிப்பது ஒன்று. வாட்ஸ்அப் கம்யூனிட்டி (பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதி) தொடங்கி அதன் அறிவிப்புக் குழுவை மட்டும் பயன்படுத்துவது இன்னொன்று. அதில் உறுப்பினர்களின் எண்களை மற்ற உறுப்பினர்கள் பார்க்க முடியாது, ஆனால் அவர்களாகப் பேச்சைத் தொடங்கவும் முடியாது. நான் முதல் வழியின் பக்கம். பேச்சு இல்லாத பயிற்சி வானொலி கேட்பதோடு சரி.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலை நம்பாதீர்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைக்காதவர்களுக்கு அந்தச் செய்தி போகவே போகாது. “அனுப்பினேனே!” என்று நீங்களும், “வரவே இல்லையே!” என்று அவர்களும் இரண்டு வாரம் வாதாடிக்கொண்டிருப்பீர்கள்.

குழு தொடங்கியதும் செய்ய வேண்டிய அமைப்புகள் மூன்று. புதியவர்களைச் சேர்க்கும் உரிமை அட்மினுக்கு மட்டும். இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை செய்தி அனுப்பும் உரிமையும் அட்மினுக்கு மட்டும். துணையாளர் தினமும் இதை மாற்ற வேண்டும், சலிப்பான வேலைதான், ஆனால் நள்ளிரவுப் புலம்பலுக்குக் காலைவரை பதில் வராமல் போவதை இது தடுக்கும். மூன்றாவதாக, போனைப் பகிர்ந்துகொள்ளும் பெற்றோருக்கு அந்தக் குழுவை மட்டும் கைரேகை வைத்துப் பூட்டும் வசதியைச் செய்துகொடுங்கள். பிள்ளையிடமே கேட்டு அதைச் செய்துகொள்ளும் பெற்றோர் உண்டு. அப்படி நடந்தால் பூட்டியும் பயனில்லை.

## 5. முதல் அழைப்பில் சொல்லியே ஆக வேண்டியவை

குழுவில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. ஸ்கிரீன்ஷாட் கூடாது. பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் ‘என் பெரியவன்’, ‘என் பொண்ணு’ என்றே பேச வேண்டும். அடுத்தவர் வளர்ப்பைக் குறை சொல்லக்கூடாது. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

பலர் சொல்லத் தயங்குவது ரகசியத்தின் எல்லையை. குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும். அந்தக் கடமை உங்களுக்கும் உண்டு, தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். ஆறாவது வாரத்தில் ஒரு தாய் மனம் திறந்த பிறகு சொன்னால், அவருக்கு அது துரோகமாகத்தான் படும்.

## 6. ஒரு வாரம் எப்படி ஓட வேண்டும்

திங்களன்று மூன்று நிமிடக் குரல் பதிவு ஒன்று: இந்த வாரப் பாடம், அதை விளக்கும் ஒரு சிறு வீட்டுக் காட்சி. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் யாரும் முழுவதும் கேட்பதில்லை. பதிவின் கடைசியில் ஒரே ஒரு வீட்டுப் பயிற்சி. இரண்டு கொடுத்தால் இரண்டையும் செய்ய மாட்டார்கள்.

புதனன்று ஒரு கேள்வி. ‘எல்லோரும் செய்தீர்களா?’ என்று கேட்காதீர்கள். பத்துக் கட்டைவிரல் வரும், ஒன்றுக்கும் அர்த்தம் இருக்காது. ‘பிள்ளையோடு உட்கார்ந்தபோது அவன் எதைத் தேர்ந்தெடுத்தான்?’ என்று கேளுங்கள். செய்தவர்தான் பதில் சொல்ல முடியும்.

வெள்ளியன்று பதில் சொல்லாதவர்களுக்குத் துணையாளர் தனித்தனியே போன் செய்ய வேண்டும். குழுவில் பெயர் சொல்லிக் கேட்டால் அவமானம், போனில் கேட்டால் அக்கறை.

ஞாயிறன்று நாற்பது நிமிட நேரலை அழைப்பு. ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும், கூகுள் மீட்டில் 60 நிமிடம் வரை பேசலாம். ஆனால் எங்கள் பக்கத்துப் பெற்றோருக்குப் பழகியது வாட்ஸ்அப் அழைப்புதான். அதில் 32 பேர் வரை சேரலாம். படம் வேண்டாம், குரல் போதும். சமையலறையில் நின்றபடி பேசுகிற தாய்க்குக் கேமராவைத் திறக்கச் சொல்வது கொடுமை.

நேரம் குறிக்கும்போது டேட்டாவையும் கணக்கில் எடுங்கள். தினசரி அளவுத் திட்டம் உள்ள வீட்டில் இரவு எட்டு மணிக்குள் பிள்ளை அன்றைய டேட்டாவை முடித்திருக்கும். ஞாயிறு காலை பதினொரு மணி ஆட்டுக்கறி வேகும் நேரம். மாலை நான்கு மணிக்குத்தான் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவருகிறது. உங்கள் குழுவைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அழைப்பின் பாதி நேரம் போன வாரம் வீட்டில் நடந்ததற்கு. கால் பங்கு நடித்துப் பார்ப்பதற்கு. மிச்சம்தான் புதுப் பாடத்துக்கு. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முப்பது நிமிடம் சொற்பொழிவு, பிறகு “ஏதாவது சந்தேகம் இருக்கா?” இருக்காது.

## 7. தனி நேரமும் பாராட்டும்

தனி நேரம் என்பது வாரத்தில் நான்கைந்து நாள், பதினைந்து நிமிடம். என்ன செய்வது என்று பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். படிப்பு, மதிப்பெண், புத்திமதி மூன்றும் அந்த நேரத்தில் கிடையாது. மகள் ரீல்ஸ் காட்டினால் சேர்ந்து பார்க்க வேண்டும், “இதெல்லாம் ஒரு டிரெஸ்ஸா” என்று முகம் சுளிக்கக் கூடாது. மகன் பைக்கில் டீக்கடை வரை போகலாம் என்றால் போக வேண்டும்.

இங்கே வரும் பொதுவான தவறு, பெற்றோர் அந்த நேரத்தை விசாரணை நேரமாக்குவது. “நல்லாத்தான் பேசிட்டு இருந்தான், அப்படியே டியூஷன்ல என்ன நடக்குதுன்னு கேட்டேன், எழுந்து போயிட்டான்.” இது எல்லாக் குழுவிலும் வரும். பாடத்தைவிட இதைப் பேசித் தீர்ப்பதுதான் உங்கள் வேலை. பதினைந்து நிமிடம் நீளம் என்று தோன்றுகிறவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் தொடங்கச் சொல்லுங்கள். ஷிப்டு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மொட்டை மாடியில் சேர்ந்து துணி காயப்போடும் நேரம் போதும்.

பாராட்டு வாரம் சுலபமாகத் தெரியும். உண்மையில் கடினம். நம் வீடுகளில் பாராட்டு பெரும்பாலும் வாலில் கொடுக்கோடுதான் வரும். “தொண்ணூறா? மீதிப் பத்து எங்க போச்சு?” “இன்னிக்கு மாதிரியே தினமும் எழுந்தா எவ்வளவு நல்லாருக்கும்!” “பரவாயில்லையே, உனக்கு இதுகூடத் தெரியுதே!” இவற்றை அழைப்பில் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதில் பாராட்டு எது, குத்து எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், தங்கள் குரலையே கேட்டதுபோல இருக்கும்.

பிறகு இந்த அச்சைக் கொடுங்கள்: செய்ததைச் சொல், உனக்கு எப்படி இருந்தது என்று சொல், நிறுத்து. “தண்ணி கேன எடுத்து வெச்சிருக்க. எனக்கு ஒரு வேல மிச்சம்டா.” அவ்வளவுதான். ‘நிறுத்து’ என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். “என்னம்மா, எதுக்கு ஐஸ் வைக்கிற?” “உடம்பு சரியில்லையா?” இதைக் கேட்டதும் அவமானப்பட்டுக் கைவிடுகிற பெற்றோர் அதிகம். அது பிள்ளையின் கூச்சம், நிராகரிப்பு அல்ல என்று முன்பே தெரிந்திருந்தால் நான்காம் நாளும் தொடர்வார்கள்.

## 8. கோபமும் தகராறும்

இந்த இரண்டு வாரத்தையும் பேசிப் புரியவைக்க முடியாது, நடித்துத்தான் பார்க்க வேண்டும். குரல் அழைப்பில் நடிப்பது கேமராவில் நடிப்பதைவிட எளிது, வெட்கம் குறைவு. துணையாளர் பிள்ளை, ஒரு பெற்றோர் தாமாகவே. காட்சி: டியூஷன் விட்டு வர ஒரு மணி நேரம் தாமதம்.

முதல் தடவை வழக்கம்போலப் பேசச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை, வாயைத் திறக்கும் முன் செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். “என்னடா ஆச்சு?” பிள்ளையாக நடிப்பவர் இரண்டு தடவையும் தனக்கு என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டும். பெற்றோரை அசைப்பது அந்த வாக்குமூலம்தான்.

ஓர் எச்சரிக்கை. குடித்துவிட்டு அடிக்கும் கணவர் இருக்கும் வீட்டில், “அப்பாவையும் உட்கார வெச்சுப் பேசுங்க” என்ற அறிவுரை தாய்க்கு ஆபத்து. முதல் தொலைபேசிப் பேச்சிலேயே அப்படித் தெரிந்தால், அந்தத் தாய்க்கு வீட்டுப் பயிற்சியை மாற்றிக் கொடுங்கள். 181ஐயும், பாதுகாப்பாகப் பேசும் நேரத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கணவன் மனைவி இருவரையும் ஒரே அழைப்பில் கட்டாயப்படுத்த வேண்டாம்.

## 9. விதிகள்: செல்போனில் தொடங்குங்கள்

இப்போது முதலில் பெற்றோர் கேட்ட அந்த ஃப்ரீ ஃபயர் கேள்விக்கு வரலாம். விதி எழுதும்போது பிள்ளை அருகில் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு விதி. பத்து விதியைச் சுவரில் ஒட்டிய வீட்டில் பத்தும் காற்றில் போகும்.

விதி அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். “போனைக் குறைச்சலா பாரு” என்பது விதியல்ல. “ராத்திரி பத்தரைக்கு எல்லாருடைய போனும் ஹால் அலமாரியில சார்ஜுக்குப் போகும்” என்பது விதி. எல்லாருடைய என்பதில் அப்பாவின் போனும் அடக்கம். இதில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன, அப்பா அலாரம் வைக்க வேண்டும் என்பார். ஒரு அலாரக் கடிகாரம் வாங்கச் சொல்லுங்கள்.

மீறினால் என்ன என்பதையும் அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும், சிறியதாக, மறுநாளோடு முடிவதாக: மறுநாள் போன் அரை மணி நேரம் முன்னதாக அலமாரிக்குப் போகும். “ஒரு மாசம் போனே கிடையாது” என்று கோபத்தில் சொன்னதை மூன்றாம் நாள் ஆன்லைன் வகுப்புக்காக விட்டுக்கொடுக்க நேரும். அத்தோடு அடுத்த விதிக்கும் மதிப்புப் போகும்.

இந்த வாரத்தில் பெண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றைக் கொண்டுவருவார்கள்: “யாரோ ஒரு பையன்கிட்ட பேசுறா.” நீங்கள் உளவாளியாகவோ நீதிபதியாகவோ மாறிவிடாதீர்கள். பிள்ளையின் போனைத் திறந்து பார்த்துச் சொல்லும்படி கேட்டால் மறுத்துவிடுங்கள். பள்ளியை நிறுத்துவது, கல்யாணம் பேசுவது என்று பேச்சு திரும்பினால், பதினெட்டு வயதுக்குள் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதை நிதானமாகச் சொல்லுங்கள். ஏற்பாடு நடப்பது உறுதியானால் 1098.

## 10. பிள்ளைகளை எப்போது சேர்ப்பது

கையேட்டின் நேரடி வடிவத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் பல அமர்வுகளில் ஒன்றாக உட்காருவார்கள். போன் வழியில் அது கடினம். ஆறாவது, ஏழாவது, எட்டாவது வாரங்களில் மட்டும் பிள்ளைகளுக்கென்று தனிக் குரல் பதிவு அனுப்புங்கள். அதே வாரம், அதே பாடம், அவர்கள் மொழியில். அவர்களைப் பெற்றோர் குழுவில் சேர்க்காதீர்கள். பிள்ளையின் எண்ணை வாங்கும் முன் பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் சம்மதத்தையும் கேளுங்கள்.

## 11. நெருக்கடி வந்தால்

‘செத்துடலாம்னு தோணுது’ என்று பிள்ளை சொன்னதாகக் குழுவில் செய்தி வந்தால், குழுவில் பதில் போடாதீர்கள். உடனே அந்தப் பெற்றோரை அழையுங்கள். பிள்ளையைத் தனியே விட வேண்டாம், பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றைக் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். 14416இல் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், நீங்களும் அழைப்பில் சேர்ந்து கொள்ளுங்கள். ஏற்கெனவே தன்னைத் துன்புறுத்திக்கொண்டிருந்தால் 108, அரசு மருத்துவமனை.

துணையாளர் இதற்கிடையில் அந்தச் செய்தியை அட்மின் உரிமையில் நீக்கிவிட்டு, ‘அவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று ஒரே வரி போட்டால் போதும். மற்றவர்கள் ஆளாளுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்குவதற்குள் இது நடக்க வேண்டும்.

## 12. அளப்பதும் முடிப்பதும்

தொடக்கத்திலும் முடிவிலும் அதே ஐந்து கேள்விகளைப் போனில் கேளுங்கள்: போன வாரம் எத்தனை நாள் கத்தினீர்கள், எத்தனை நாள் கைநீட்டினீர்கள், எத்தனை நாள் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்தீர்கள், எத்தனை தடவை பாராட்டினீர்கள், பிள்ளை தானாக வந்து எத்தனை தடவை பேசியது. முடிந்தால் பிள்ளையிடமும் தனியாக இதே கேள்விகளைக் கேளுங்கள். பெற்றோர் கணக்கும் பிள்ளை கணக்கும் ஒத்துப்போகாது. பிள்ளையின் கணக்கைத்தான் நான் நம்புவேன்.

‘பயிற்சி எப்படி இருந்தது?’ என்ற கேள்வியை அளவுகோலாக வைக்காதீர்கள். “ரொம்ப நல்லாருந்துச்சு சார்” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஒரு வாரம்கூட வராதவர் உட்பட.

பத்தாவது வாரம் முடிந்ததும் குழுவை அட்மின் மட்டும் பேசும்படி மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு அழைப்பு வையுங்கள், எது நின்றது, எது விட்டுப்போனது என்று கேட்க. அதன்பின் தங்களுக்குள் தொடர்பில் இருக்க விரும்புகிறவர்கள் தனிக் குழு தொடங்கிக்கொள்ளட்டும், நீங்கள் அதில் இருக்க வேண்டாம். பழைய குழுவைக் கலைத்துவிட்டு, பெயர்ப் பட்டியல், குரல் பதிவுகள், ஐந்து கேள்விகளின் பதில்கள் ஆகியவற்றில் பெயர் உள்ள பிரதிகளை அழியுங்கள். துணையாளரின் போனிலும் கூகுள் டிரைவிலும் இருப்பதைச் சேர்த்துத்தான்.